ஏழு மட்டை போதும்: குறைந்த பையோடு கோல்ஃப் ஆடும் முறை

கோல்ஃப் பையில் 14 மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. குறைவாக இருப்பதை எந்த விதியும் தடுப்பதில்லை. அந்த 14 என்ற எல்லைகூட அமெரிக்காவில் 1938 இலும் பிரிட்டனில் அதற்கு அடுத்த ஆண்டிலும்தான் வந்தது. அதற்கு முன் 25 மட்டைக்கு மேல் சுமந்தவர்களும் இருந்தார்கள், ஏழு மட்டையோடு பட்டம் வென்றவரும் இருந்தார். 1916 இல் சிக் எவன்ஸ் என்ற அமெச்சூர் ஆட்டக்காரர் ஏழே மட்டைகளோடு அமெரிக்க ஓப்பன் போட்டியில் 286 தரம் மட்டுமே பந்தை அடித்து வென்றார். அந்தப் போட்டியில் அந்த எண்ணிக்கையை முறியடிக்க இருபது ஆண்டுகள் ஆயின. அவர் கையில் இருந்தவை மரக்கம்பு மட்டைகள்.

கிழக்கு மாகாணத்தில் இருந்து ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். மட்டக்களப்பிலிருந்து 18 குழி மைதானம் ஒன்றில் ஆட நினைத்தால் வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று கடலோர வீதியில் நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிச் சீனக்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் மைதானத்துக்குப் போகலாம். அம்பாறைப் பக்கத்தில் இருந்து மகியங்கனை வழியாக வளைவுகள் ஏறினால் திகன விக்டோரியா மைதானம். பொத்துவில்காரருக்கு அம்பாந்தோட்டையும் ஒரு வழி. எங்கே போனாலும் பயணம் நீண்டது, வெயில் கடுமையானது. 14 மட்டை, கால் வைத்த பை, பந்து, குடை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 12 கிலோவைத் தாண்டும். ஏழு மட்டை ஏறக்குறைய 3 கிலோ, கால் இல்லாத மெல்லிய பை 1 கிலோ, ஆறு பந்து 300 கிராமுக்குள், 2 லீற்றர் தண்ணீர் 2 கிலோ. ஆறரைக் கிலோவோடு பஸ்ஸில் ஏறலாம், ஓட்டோவில் குறுக்கே வைக்கலாம், 18 குழியும் நடந்து ஆடலாம்.

சுமை குறைவது ஒரு பக்கம். ஆட்டம் திருந்துவது அதைவிடப் பெரிது. 14 மட்டை இருந்தால் தூரத்தை மட்டை பார்த்துக்கொள்ளும் என்று கை சும்மா இருந்துவிடும். ஏழாகக் குறைத்தால் ஒவ்வொரு மட்டையாலும் மூன்று தூரம் அடிக்கக் கை பழக வேண்டும். இந்தக் குறிப்பு முழுவதும் அந்தப் பழக்கத்தைப் பற்றியதுதான்.

இலக்கத்தைப் பார்க்காமல் சாய்வைப் பாருங்கள்

பெரும்பாலோர் முதலில் தவறுவது மட்டை தெரிவில். 3, 5, 7, 9 என்று ஒற்றை எண்களை எடுத்தால் சரிவரும் என்று நினைப்பார்கள். மட்டையின் அடியில் பொறித்திருக்கும் எண் தூரத்தைச் சொல்லாது. தூரத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்வது முகத்தின் சாய்வு, அதாவது லொஃப்ட். பழைய செட் ஒன்றில் 7 ஐயன் (இரும்புத் தலை மட்டை) 35, 36 பாகை இருக்கும். இன்று தூரத்துக்கென்றே செய்யப்படும் செட்டில் அதே 7 ஐயன் 30 பாகைக்கும் கீழே இருக்கலாம். வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டுவந்த இரண்டு ஐயன், கொழும்பில் வாங்கிய பழைய வெட்ஜ் (சாய்வு கூடிய குறுந்தூர மட்டை) ஒன்று என்று கலந்து சேர்க்கும்போது எண்ணை நம்பினால் ஒரே தூரம் போகும் மட்டை இரண்டு பையில் சேர்ந்துவிடும். நடுவில் 30 மீற்றர் வெற்றிடமும் விழும்.

ஏழு மட்டைக்கு நாங்கள் பரிந்துரைக்கும் சாய்வுகள் இவை: 18, 26, 33, 41, 48, 56 பாகைகள், கூடவே பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர். ஒன்றுக்கொன்று ஏழெட்டுப் பாகை இடைவெளி. கடையில் கேட்கும் பெயரில் சொன்னால் 5 வுட் (பெரிய தலையுள்ள நீண்டதூர மட்டை), 5 ஹைப்ரிட் (வுட்டுக்கும் ஐயனுக்கும் இடைப்பட்டது), 7 ஐயன், 9 ஐயன், 48 முதல் 50 வரை உள்ள கேப் வெட்ஜ், சான்ட் வெட்ஜ், பட்டர். இப்போதைய செட்களில் பிச்சிங் வெட்ஜ் என்று எழுதியிருப்பது 44, 45 பாகைதான். அது 9 ஐயனோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் அதை விட்டுவிட்டு கேப் வெட்ஜை எடுக்கச் சொல்கிறோம். உங்களுடையது பழைய செட் என்றால் அதன் பிச்சிங் வெட்ஜே 48 பாகையாக இருக்கக்கூடும். அப்படியானால் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.

சாய்வை வீட்டிலேயே அளக்கலாம். மேசன் பாவிக்கும் தூக்குக்குண்டை வைத்து, தண்டு பந்து போகும் திசையில் முன்னேயோ பின்னேயோ சாயாதபடி மட்டையை நிறுத்தி, மேசைக் கவ்வியில் துணி சுற்றி மெதுவாகப் பிடிக்க வையுங்கள். முகத்தில் உள்ள கோடுகள் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், அதற்காகத் தண்டு பக்கவாட்டில் சாய்ந்துதான் நிற்கும். ஒரு சின்ன உருக்கு அடிமட்டத்தை முகத்தில் கீழிருந்து மேலாக அழுத்தி, அதன்மேல் கைபேசியின் விளிம்பை வைத்துக் கோணம் காட்டும் செயலியைப் பாருங்கள். செங்குத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுதான் சாய்வு. ஒன்றிரண்டு பாகை பிசகும், ஆனால் ஒரே தூரம் போகும் இரட்டை மட்டைகளைக் கண்டுபிடிக்க இது போதும். வுட்டின் முகம் வளைந்திருப்பதால் இந்த முறை அதற்குச் சரிவராது. அதில் எழுதியிருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அடிக்கான மிக நீண்ட மட்டையான டிரைவர் ஏன் இல்லை என்று கேட்பார்கள். டிரைவரின் நீளம் 45 அங்குலத்துக்கு மேல், 5 வுட் ஏறக்குறைய 42. நீளம் குறைந்தால் பந்து முகத்தின் நடுவில் படுவது எளிது, சாய்வு கூடினால் பந்து பக்கவாட்டில் வளைவதும் குறையும். சாதாரண ஆட்டக்காரர் டிரைவரை விட்டால் 20, 25 மீற்றர் இழப்பார், ஆனால் பந்து புல்வெளியில் கிடக்கும். அதோடு 5 வுட் டீயில் (பந்தை உயர்த்தி வைக்கும் சிறு குச்சியில்) இருந்தும் போகும், தரையில் இருந்தும் போகும். டிரைவர் தரையில் உதவாது. ஏழில் ஒன்று டீக்கு மட்டும் என்பது அதிக விலை. உங்கள் டிரைவர் உண்மையிலேயே நேராகப் போகிறதென்றால் அதை எட்டாவதாகப் போட்டுக்கொள்ளுங்கள், 5 வுட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்காதீர்கள்.

பட்டரை விட வேண்டாம். ஒரு சுற்றின் அடிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிரீனில்தான், அதாவது குழியைச் சுற்றிய குட்டைப் புல் பரப்பில்தான் போகிறது.

ஐந்து மட்டையாகக் குறைக்க விரும்பினால் 20, 28, 38, 54 பாகைகளும் பட்டரும். மூன்றுக்கு ஒரு ஹைப்ரிட், 8 ஐயன், சான்ட் வெட்ஜ் என்று வைத்து, கிரீனில் ஹைப்ரிட்டால் உருட்டலாம். அது நல்ல பயிற்சி, ஆனால் போட்டிக்கு எடுத்துப்போக உகந்ததல்ல.

உடனே ஏழுக்கு இறங்கவும் தேவையில்லை. அடுத்த இரண்டு மூன்று சுற்றில் முழுப் பையோடு ஆடி, எந்த மட்டையை எத்தனை தரம் எடுத்தீர்கள் என்று அடிகளை எழுதும் அட்டையின் ஓரத்தில் கோடு போடுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு தரம்கூட வெளியே வராத மட்டை நாலைந்து கிடைக்கும். முதலில் அவற்றை வீட்டில் விடுங்கள்.

ஒரு மட்டைக்கு மூன்று தூரம்

7 ஐயனை 124 மீற்றர் பறக்கவிடும் ஒருவருக்கு இந்த ஏழு மட்டையின் முழு வீச்சுத் தூரங்கள் உத்தேசமாக இப்படி இருக்கும்: 5 வுட் 160, ஹைப்ரிட் 142, 7 ஐயன் 124, 9 ஐயன் 106, கேப் வெட்ஜ் 88, சான்ட் வெட்ஜ் 70. இடைவெளி 18 மீற்றர். குழி 117 மீற்றரில் இருந்தால் என்ன செய்வது? அங்கேதான் இரண்டாவது, மூன்றாவது தூரம் வேண்டும்.

முதலாவது, முழுப் பிடியில் முழு வீச்சு. இரண்டாவது, பிடியில் ஓர் அங்குலம் கீழே இறங்கிப் பிடித்து அதே முழு வீச்சு. ஏறக்குறைய 5 மீற்றர் குறையும். மூன்றாவது, அதே ஓர் அங்குலம் இறங்கிய பிடியில் முக்கால் வீச்சு, அதாவது வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கை பின்னே போகும்போது தோளுயரத்தில் நின்றுவிட வேண்டும், முன்னே முடிக்கும்போதும் கை தோளுயரத்தில் முடிய வேண்டும். 12 மீற்றர் அளவு குறையும். ஆக 7 ஐயன் 124, 119, 112. அதற்குக் கீழே 9 ஐயனின் முழு வீச்சு 106. ஆறேழு மீற்றருக்கு ஓர் அடி கையில் வந்துவிட்டது. சாதாரண ஆட்டக்காரர் ஒரே மட்டையால் பத்துப் பந்து அடித்தால் அவை சிதறும் தூரமே அதைவிடக் கூட.

பிடியில் ஓர் அங்குலத்தையும் இரண்டு அங்குலத்தையும் வெள்ளை பெயின்டால் மெல்லிய புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நூல் சுற்றியோ டேப் ஒட்டியோ புடைப்பாகச் செய்ய வேண்டாம், போட்டியில் புடைப்புள்ள பிடி விதிக்குப் பொருந்தாது.

மேலே சொன்ன எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் எண்களை நீங்கள்தான் எடுக்க வேண்டும். அதற்கு 180 மீற்றராவது திறந்த வெளி தேவை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோகத்துக்குத் தண்ணீர் வரும்வரை காய்ந்து கிடக்கும் வயல் இதற்கு வாய்ப்பான இடம். வயல்காரப் போடியாரிடமோ நீர்ப்பாசனம் பார்க்கும் வட்டவிதானையிடமோ கேட்டுவிட்டுப் போங்கள். மாடு மேயும் நேரம் வேண்டாம், வரம்பில் ஆள் நடமாட்டம் இருந்தால் வேண்டாம். யானை இறங்கும் வயல் வட்டைகளில் வெயில் தாழ முன்னரே கிளம்பிவிட வேண்டும்.

அறுவடைக்குப் பின் நிற்கும் ஒட்டுத்தாளில் பந்து சீராக இருக்காது. பழைய தும்பு மிதியடி ஒன்றை விரித்து அதன்மேல் பந்தை வையுங்கள். ஒரு மட்டையால் பத்துப் பந்து அடியுங்கள். பந்து விழும் இடத்தைப் பார்க்க ஒருவர் பக்கவாட்டில், அடிக்கும் கோட்டிலிருந்து 40 மீற்றராவது விலகி, உங்களைப் பார்த்தபடியே நிற்கட்டும். உருண்டு நின்ற இடத்தை எடுக்கக் கூடாது, முதலில் விழுந்த இடத்தைத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் காய்ந்த வயலின் உருளலுக்கும் மைதானப் புல்லின் உருளலுக்கும் சம்பந்தமில்லை. மிக நீண்ட இரண்டையும் மிகக் குறுகிய இரண்டையும் விட்டுவிட்டு நடு ஆறின் சராசரியை எழுதுங்கள். காற்றில்லாத விடியற்காலையில் செய்யுங்கள். ஒரே நாளில் ஆறு மட்டையையும் முடிக்கப் பார்த்தால் கடைசி மட்டைகளின் எண் களைப்பால் குறைந்து வரும், நாளுக்கு இரண்டு மட்டை போதும். பதினெட்டு எண்களையும் ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பையின் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். மைதானத்தின் அட்டை யார் (கெஜம்) கணக்கில் இருந்தால் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய மீற்றர் வந்துவிடும்.

முக்கால் வீச்சில் எல்லோருக்கும் வரும் பிழை ஒன்று இருக்கிறது. பின்னே முழுதாக இழுத்துவிட்டு, தூரம் கூடிவிடுமே என்ற பயத்தில் பந்துக்குக் கிட்ட வரும்போது கையை நிறுத்துவார்கள். கை நின்றால் மட்டைத் தலை கையை முந்திக்கொண்டு தரையில் முன்கூட்டியே விழும். பந்துக்கு முன் மண் வெட்டுப்படும், பந்து பாதித் தூரமும் போகாது. இதற்கு மருந்து பின்வீச்சைக் குறைப்பதுதான். பின்னே எவ்வளவு போகிறதோ முன்னேயும் அவ்வளவு போக வேண்டும். முடித்த பிறகு இரண்டு விநாடி அப்படியே நின்று பாருங்கள். கை தோளுயரத்தில் நிற்கவில்லை, இடுப்போடு முடிந்திருக்கிறதென்றால் நடுவில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

இரண்டு மட்டையின் தூரத்துக்கு நடுவில் நின்றால்

பெரிய மட்டையை எடுத்து மெதுவாக அடியுங்கள். சின்ன மட்டையை எடுத்து இழுத்து அடிப்பது குறைந்த பையோடு ஆடுகிறவரைக் கெடுக்கும் பழக்கம். பலமாக அடிக்கும்போது உடம்பு முந்தும், முகம் திறந்தோ மூடியோ வரும், பந்தில் சுழற்சி கூடி அது நீளம் போகாமல் மேலே கிளம்பும். 112 மீற்றருக்கு 9 ஐயனை முறுக்கி அடிக்க வேண்டாம், 7 ஐயனின் மூன்றாவது தூரம் அது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கிரீனுக்குப் பின்னால் தண்ணீரோ எல்லைக் கோடோ இருந்து, முன்னால் வெளி இருந்தால் சின்ன மட்டையின் முழு வீச்சை எடுத்து முன் ஓரத்தில் விழுவதை ஏற்றுக்கொள்ளுங்கள். அங்கிருந்து உருட்டிக் கிட்டக் கொண்டுவரலாம்.

கச்சானும் வாடையும்

காற்றைக் கணக்கில் எடுக்காமல் கிழக்குக் கரையில் கோல்ஃப் ஆட முடியாது. ஆண்டின் நடுவில், மே முதல் செப்டெம்பர் வரை, மலைகளைத் தாண்டி வரும் கச்சான் காய்ச்சி எடுக்கும். சீனக்குடாவிலும் அந்த மாதங்களில் தென்மேற்குக் காற்றுதான். தரை இறுகிப் பந்து நிறைய உருளும். கார்த்திகை, மார்கழியில் வாடை, மழையோடு. அப்போது பந்து விழுந்த இடத்திலேயே குத்தி நிற்கும், 5 வுட்டின் உருளலை நம்பி எதையும் திட்டமிட முடியாது.

தென்னோலை விடாமல் ஆடி, குழிக்கொடி விரிந்து நின்றால் காற்று மணிக்கு 15 கிலோமீற்றர் அளவில் வீசுகிறது. அது எதிரே வந்தால் பறக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று வையுங்கள். பின்னால் வந்தால் அதில் பாதிதான் கூடும். தரையில் தூசி கிளம்புகிறதென்றால் 20 ஐத் தாண்டிவிட்டது, அப்போது எதிர்க்காற்றுக்கு ஏழில் ஒரு பங்கு கழியுங்கள். கொடி கிரீனில் தளர்ந்து கிடப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், மரங்களின் மறைவில் கிரீன் இருக்கலாம். பந்து மேலே போகும் உயரத்தில் உள்ள ஓலையைப் பாருங்கள்.

எதிர்க்காற்றில் 106 மீற்றர் அடிக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்வோம். காற்று 11 மீற்றரைத் தின்னும், ஆகவே 117 மீற்றர் அடி வேண்டும். 7 ஐயனைப் பிடியில் இரண்டு அங்குலம் இறக்கிப் பிடியுங்கள். பந்தை வழக்கமான இடத்தில் இருந்து ஒரு பந்து அகலம் பின்காலுக்கு நகர்த்துங்கள். கால்களை ஒள்ளுப்பம் கிட்ட வையுங்கள். முக்கால் பின்வீச்சு, முக்கால் முடிவு. பந்து பின்னே போனதால் முகத்தின் சாய்வு குறைந்து தாழப் போகும், மெதுவாக அடிப்பதால் சுழற்சி குறையும், காற்று அதைத் தூக்காது. பிடி இறங்கியதால் குறையும் தூரத்தை, தாழப் பறப்பதும் விழுந்தபின் உருளுவதும் பெரும்பாலும் ஈடுசெய்யும். இதில் பிழைப்பது பந்தை இரண்டு மூன்று அகலம் பின்னே தள்ளிவிடுவதால். அப்படித் தள்ளினால் மட்டை செங்குத்தாக இறங்கி மண்ணில் சிக்கும், பந்து வலப்பக்கம் கிளம்பும்.

குறுக்குக் காற்றுக்குப் பந்தை வளைத்து அடிக்கப் பார்க்காமல், இலக்கைக் காற்று வரும் பக்கமாக நகர்த்துவதே பெரும்பாலோருக்கு நல்லது.

கிரீனைச் சுற்றி

வெட்ஜ் இரண்டுதான் இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். கிரீனுக்குப் பக்கத்தில் மற்ற மட்டைகளும் வெட்ஜ்தான். பட்டரைப் பிடிப்பதுபோல் பிடித்து, மணிக்கட்டை மடக்காமல் தட்டி, பந்தைக் கிரீனின் ஓரத்துக்குள் ஒரு மீற்றரில் விழவைத்து மீதியை உருளவிடுவது எல்லாவற்றிலும் பாதுகாப்பான அடி. எந்த மட்டை எவ்வளவு உருளும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 12 இல் இருந்து மட்டையின் எண்ணைக் கழியுங்கள். 9 ஐயன் என்றால் 3, அதாவது ஒரு பங்கு பறந்தால் மூன்று பங்கு உருளும். 7 ஐயன் ஒன்றுக்கு ஐந்து. கேப் வெட்ஜ் ஒன்றுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைய, சான்ட் வெட்ஜ் ஒன்றுக்கு ஒன்று. இது மட்டமான, நடுத்தர வேகக் கிரீனுக்கு. ஏற்றத்தில் எண் ஒன்று குறைந்த மட்டை, இறக்கத்தில் ஒன்று கூடிய மட்டை என்று பொதுவாகச் சொல்வார்கள். பையில் அது இல்லையென்றால் விழும் இடத்தை முன்னேயோ பின்னேயோ நகர்த்தினால் சரி.

உதாரணமாக, பந்து கிரீனின் ஓரத்துக்கு 2 மீற்றர் வெளியே, குழி ஓரத்தில் இருந்து 10 மீற்றர் உள்ளே. மொத்தம் 12. ஓரத்தைத் தாண்டி ஒரு மீற்றரில் விழவைத்தால் 3 மீற்றர் பறப்பு, 9 மீற்றர் உருளல். ஒன்றுக்கு மூன்று. 9 ஐயன் அப்படியே பொருந்துகிறது. இதே அடிக்கு 56 பாகையைத் தூக்குகிறவர்கள் 6 மீற்றர் பறக்கவிட்டுக் குறிதவறுவதுதான் அதிகம்.

ஓரத்துப் புல் குட்டையாகக் காய்ந்திருந்தால் பட்டரையே எடுங்கள். பந்து ரஃப் எனும் நீண்ட புல்லின் விளிம்பில் சாய்ந்து கிடந்தால் 5 வுட்டைப் பிடியின் அடிவரை இறக்கிப் பிடித்து, பட்டரைப்போல் தள்ளலாம். அதன் அகன்ற அடி புல்லில் வழுக்கிப் போகும், ஐயன் அங்கே சிக்கும்.

பங்கரில் (மணல் குழியில்) சான்ட் வெட்ஜின் முகத்தை முதலில் திறந்து, பிறகு பிடியுங்கள். பிடித்துவிட்டுத் திறந்தால் அடிக்கும்போது முகம் பழைய நிலைக்கே திரும்பிவிடும். பந்தை இடக்காலின் பக்கம் வைத்து, பந்துக்கு 5 சென்ரிமீற்றர் பின்னால் மணலில் இறக்கி, நிறுத்தாமல் முன்னே முடியுங்கள். சான்ட் வெட்ஜை விட்டுவிட்டு மூன்று நாலு மட்டையோடு மட்டும் ஆடுகிற நாளில் 9 ஐயனையும் இப்படித் திறந்து அடிக்கலாம். பந்து தாழ வெளியே வந்து நிறைய உருளும். முன்னே உயர்ந்த விளிம்பு இருந்தால் முயலாமல் பக்கவாட்டில் வெளியே எடுங்கள்.

கடற்கரையில் பயிற்சி

ஸ்பெயினின் செவே பல்லஸ்டெரோஸ் சிறுவயதில் பெத்ரேனாக் கடற்கரையில் ஒரே ஒரு 3 ஐயனை வைத்துக்கொண்டு எல்லா அடியும் பழகினார். பின்னர் பிரிட்டிஷ் ஓப்பனை மூன்று தரமும் மாஸ்டர்ஸ் போட்டியை இரண்டு தரமும் வென்றார். கல்லடியில் இருந்து பாசிக்குடா வரை அப்படியான மணல் நமக்கும் கிடக்கிறது. ஆனால் கடற்கரையில் உண்மையான பந்தை அடிக்கக் கூடாது. ஆள் இருப்பார்கள், வள்ளம் இருக்கும், கடலிலோ வாவியிலோ விழுந்த பந்து குப்பையாக அங்கேயே கிடக்கும். பந்தில்லாமல் பழகுங்கள், அல்லது ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பயிற்சிப் பந்தைப் பாவித்து எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள்.

நனைந்து இறுகிய மணலில் காலுக்கு நடுவே, அடிக்கும் திசைக்குக் குறுக்காக ஒரு கோடு கீறுங்கள். பந்து அந்தக் கோட்டில் இருப்பதாக வைத்து 9 ஐயனால் முக்கால் வீச்சு வீசுங்கள். மணல் கோட்டில் தொடங்கி முன்னே நாலு விரல் அகலத்துக்கு வெட்டுப்பட்டிருக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் தொடங்கியிருந்தால் எடை பின்காலில் தங்கியிருக்கிறது, அல்லது கை நின்றிருக்கிறது. மணல் ஒளிக்காது, ஒவ்வொரு வீச்சும் எழுதி வைத்ததுபோல் தெரியும். ஒரே கோட்டில் தள்ளித் தள்ளி இருபது வீச்சு வீசி, எத்தனை சரி என்று எண்ணுங்கள். பதினைந்து சரியாக வரும்வரை முக்கால் வீச்சைவிட்டுப் பெரிதாகப் போக வேண்டாம்.

உலர்ந்த தளர்ந்த மணல் பங்கர் பயிற்சிக்கு. அங்கே 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு கீறி, பின்கோட்டில் நுழைந்து முன்கோட்டைத் தாண்டி வெளியேறுங்கள். நனைந்த மணலில் சான்ட் வெட்ஜைத் திறந்து பழகாதீர்கள், அதன் தடித்த அடி இறுகிய தரையில் துள்ளும்.

இதற்கு ஒரு பழைய மட்டையை ஒதுக்கிவிடுவது புத்தி. மணல் முகத்தைத் தேய்க்கும், கார்பன் தண்டைக் கீறும்.

விதியில் கவனிக்க வேண்டியவை

14 க்குக் குறைவாகத் தொடங்கியவர், சுற்றின் நடுவிலும் 14 வரை சேர்த்துக்கொள்ளலாம், ஆட்டத்தைத் தாமதப்படுத்தக் கூடாது. ஆனால் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும் வேறொருவரின் மட்டையை வாங்கிச் சேர்க்க முடியாது. இரண்டு பேர் ஒரே பையில் பகிர்ந்து ஆடுவது, அவர்கள் ஒரே அணிக் கூட்டாளிகளாக இருந்து, இருவரின் மட்டையும் சேர்ந்து 14 ஐத் தாண்டாமல் இருந்தால் மட்டுமே போட்டியில் செல்லும். நண்பர்களோடு சும்மா ஆடும்போது ஏழு மட்டையை இரண்டு பேர் பகிர்ந்தால் யாருக்கும் நட்டமில்லை, மைதானம் அதை அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சில மைதானங்களில் ஆளுக்கொரு பை இருக்க வேண்டும் என்பார்கள். சீனக்குடா விமானப்படை வளாகம் என்பதால் முன்கூட்டியே பேசிவிட்டு, அடையாள அட்டையோடு போங்கள்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

தனி மட்டையாக வாங்கும்போது தலையைக் காதுக்குக் கிட்டப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சலசலப்பு வந்தால் உள்ளே பசை உடைந்திருக்கிறது. தண்டையும் தலையையும் இரு கையில் பிடித்து முறுக்கிப் பாருங்கள், ஒரு மயிரிழை கிறுகினாலும் வேண்டாம். பிடி கல்லாக இறுகியிருந்தால் விலையைக் குறைக்கலாம், பிடியை மாற்றுவது பெரிய வேலை அல்ல. சவர்க்காரம் போட்டுக் கழுவி, மெல்லிய அரத்தாளால் தேய்த்தாலே பல பிடிகள் உயிர் பெறும்.

வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் மட்டையை விட வேண்டாம். அந்தச் சூட்டில் பிடியின் கீழே உள்ள டேப் இளகிப் பிடி சுழலத் தொடங்கும், தலையைப் பிடித்திருக்கும் பசையும் நாளடைவில் தளரும். கடற்கரையில் பாவித்த மட்டையை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, முகத்தின் கோடுகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, இரும்புத் தண்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவுங்கள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே விழுந்த மணலையும் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தரம் மட்டையை இழுக்கும்போதும் அது தண்டை உரசிக்கொண்டே இருக்கும்.